தறிக்குழியிலிருந்து கல்லூரிக்கு

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, அதைக் கட்டிமுடிக்கத் தன்னிடம் பொருள் உண்டா எனக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று ஆண்டவர் வினவியதை லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் காண்கிறோம். ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் நம் இல்லங்களிலும் இத்தகைய கணக்கு ஒன்று தொடங்கிவிடுகிறது. கல்லூரிக் கட்டணம் எவ்வளவு, விடுதிச் செலவு எவ்வளவு, வட்டி எவ்வளவு, முடிவில் வேலை கிடைக்குமா? படித்தவர்களே வேலையின்றி இருக்கும்போது இவ்வளவு செலவிட்டுப் பட்டம் பெறத்தான் வேண்டுமா என்று கேட்கும் குரல் இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் ஒலிக்கிறது. அவர்களுக்கு இது புதிய கேள்வி. ஆரணியைப் போன்ற நெசவு ஊர்களுக்கோ இது மிகப் பழைய கேள்வி. அந்த ஊரின் வரலாற்றோடு சேர்த்து இக்கேள்வியை நோக்கினால், பட்டத்தின் விலை கல்லூரி அலுவலகம் தரும் இரசீதில் மட்டும் எழுதப்படுவதில்லை என்பது புலனாகும்.

ஆரணி பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர். கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த இவ்வூர் நெடுங்காலம் மராத்திய ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1751-இல் இராபர்ட் கிளைவின் படையும், 1782-இல் ஐதர் அலியை எதிர்த்து வந்த அயர் கூட்டின் படையும் இங்கே போரிட்டன. படைகள் வந்தன, போயின. நெசவு மட்டும் நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர் மெல்லிய மஸ்லின் துணிக்குப் புகழ்பெற்றிருந்தது. பட்டின் புகழ் பின்னர் ஓங்கியது. கர்நாடகத்திலிருந்து கச்சாப்பட்டும் சூரத்திலிருந்து சரிகையும் வர, காஞ்சிபுரத்து வணிகர்களின் கடைகளுக்கும் சேலைகள் இங்கிருந்து போயின. புகைவண்டிப் பாதைகூட ஊருக்குள் வரவில்லை. களம்பூரில் உள்ள நிலையத்திற்கு 'ஆரணி ரோடு' என்று பெயரிட்டதோடு சரி. வட ஆற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர், 1989-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது.

நெசவை அறியாதவர்கள் தறியை ஒருவர் உட்கார்ந்து இயக்கும் கருவி என்று நினைப்பது இயல்பு. உண்மை அதுவன்று. ஒரு தறி ஓடுவதற்கு ஒரு குடும்பமே உழைக்க வேண்டும். பட்டு நூலை இராட்டையில் சுற்றித் தார்க்குழல்களில் ஏற்றவேண்டும். பாவை விடியற்காலையில் தெருவில் நீட்டி இழை சரிபார்க்க வேண்டும். பழைய பாவு தீர்ந்ததும் புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கவேண்டும். இவையெல்லாம் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் செய்யும் வேலைகள். இவற்றிற்கு வீட்டில் தனிக் கூலி என்று எதுவும் இல்லை. சேலைக்குக் கிடைக்கும் கூலி ஒன்றுதான். அது நெசவாளரின் பெயரில் எழுதப்படும்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. காஞ்சிவழிப் பட்டுச்சேலையின் சிறப்பே கோர்வை. உடலின் நிறம் வேறு, கரையின் நிறம் வேறு. இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வதற்கு மூன்று நாடாக்கள் ஓடவேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. இம்மூன்றையும் நெசவாளர் ஒருவரே கையாள இயலாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கித் திருப்பிவிட இன்னொருவர் தறியருகே அமரவேண்டும். அந்த இன்னொருவருக்குப் பெரிய ஆளின் வலிமை தேவையில்லை. சிறிய கையும், நாள்முழுதும் ஓரிடத்தில் இருக்கும் பொறுமையும் போதும். ஆகவே அந்த இடத்தில் காலங்காலமாகப் பிள்ளைகள் அமர்ந்தார்கள். சொந்த வீட்டில் பிள்ளை இல்லாவிட்டால் பிறர் வீட்டுப் பிள்ளை வந்து அமர்ந்தது. அப்படி வரும் பிள்ளையின் பெற்றோருக்கு நெசவாளரோ அவருக்கு மேலுள்ள முதலாளியோ முன்பணம் கொடுத்தார். மகளின் திருமணம், மருத்துவச் செலவு, மழைக்காலப் பட்டினி என்று அந்தப் பணம் அன்றே தீர்ந்துவிடும். கடனோ தீராது. கடன் தீரும்வரை பிள்ளை தறியை விட்டு எழுந்திருக்க இயலாது.

இவ்வாறு ஆரணியில் ஒரு பிள்ளை பள்ளிக்குச் செல்வதற்கு ஆகும் செலவு, பள்ளிக் கட்டணம் என்ற ஒன்று ஏற்படுவதற்கு முன்பே குறிக்கப்பட்டிருந்தது. பள்ளி இலவசமானாலும் அந்தச் செலவு அப்படியே நிற்கும். ஓடாத நாடா, சுற்றாத தார், திருப்பித்தர வேண்டிய முன்பணம் ஆகியவையே அந்தச் செலவு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இலும் வந்தன. ஆயினும் 2003-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத்தொழில் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்துத் தறிகளில் கடனுக்குக் கட்டுண்ட சிறுவர்களின் நிலை விரிவாகப் பதிவாயிற்று. அதன்பின் நடுவண் அரசும் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வழியாக நடத்திய குழந்தைத் தொழிலாளர் மீட்புத் திட்டத்திற்குத் தமிழகத்தில் தெரிவான ஐந்து மாவட்டங்களுள் காஞ்சிபுரமும் இருந்தது, திருவண்ணாமலையும் இருந்தது. இது தற்செயல் அன்று.

இனி, கல்லூரி என்னும் கோபுரம் நம் பகுதியில் எழுந்த கதைக்கு வருவோம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. வட ஆற்காட்டு மக்களுக்கு அண்மையில் கிடைத்த முதல் கல்லூரி, அமெரிக்க ஆற்காட்டு மிஷன் வேலூரில் நடத்திய ஊரிசுக் கல்லூரி. பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் இங்கே பயின்று, பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்றார். அவர் கல்வி உதவித்தொகையின் துணையால் நடைபெற்றது. தத்துவத்தை அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்றுகூடச் சொல்லிவிட இயலாது. பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். வேறு பாடத்துக்குப் புத்தகம் வாங்கப் பணம் இல்லை. ஆகவே தத்துவமே பாடமாயிற்று. நாடு போற்றும் தத்துவ அறிஞரை உருவாக்கியதில் பழைய புத்தகத்தின் விலைக்கும் பங்கு உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

நம் கத்தோலிக்க மக்களின் நிலையோ இதற்கும் பல படிகள் கீழே இருந்தது. ஆரணிக்குத் தெற்கே சேத்துப்பட்டை நடுவாகக் கொண்டு உழைத்த பாரிசு வேதபோதக சபையின் அருட்தந்தை தாராஸ் அவர்களை நம் முன்னோர் நன்கு அறிவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின் நாள்களிலும் அதற்குப் பின்னும் ஆயிரக்கணக்கானோர் அவர் வழியாகத் திருமறையைத் தழுவினார்கள். சேத்துப்பட்டு லூர்து அன்னை ஆலயம் அவருடைய உழைப்பின் சின்னமாக நிற்கிறது. அந்த மக்களுட் பெரும்பாலோர் நிலமற்ற உழவுத் தொழிலாளர். தறிகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. அவர்களுக்கு எழுத்தறிவித்த பள்ளி, பங்குக்கோவிலின் நிழலில் நடந்த தொடக்கப்பள்ளியே. கல்லூரி என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே காலத்தில் ஆற்காட்டு மிஷனார் ஆரணியில் ஒரு தொழிற்பள்ளி நடத்தினார்கள். பின்னர் அது காட்பாடிக்கு மாறியது. ஏட்டுக்கல்வியா, கைத்தொழிலா என்ற வினா நம் மண்ணில் அன்றே எழுந்துவிட்டது.

நெசவுக் குடும்பம் ஒன்று முதன்முதலில் பட்டதாரியைக் காணும்போது என்ன நேர்கிறது என்பதற்கு அண்டை ஊரிலேயே நாடறிந்த சான்று இருக்கிறது. காஞ்சிபுரத்தில் 1909-இல் கைத்தறி நெசவுக் குடும்பத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரை, வறுமையினால் இடையில் படிப்பை விட்டு நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சில காலம் பணியாற்றியவர். பிறகே பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1934-இல் சிறப்புப் பட்டம் பெற்றார். (அந்நாளில் பச்சையப்பன் கல்லூரியில் இந்துக்கள் மட்டுமே சேரலாம், 1947-இல்தான் அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்தது. 1925-இல் இயேசு சபையார் சென்னையில் இலொயோலாக் கல்லூரியைத் தொடங்கியது எத்துணை பெரிய தேவையை நிறைவு செய்தது என்பது இதனால் விளங்கும்.) அண்ணா படித்ததனால் அந்த வீட்டில் ஒரு தறியின் வருவாய் குறைந்திருக்கலாம். தமிழகம் அடைந்தது என்ன என்பதைப் பற்றி அரசியல் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். ஆயினும் அந்தக் கணக்கு நட்டக் கணக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு பெரியவரின் வாழ்வைக் காட்டிப் பல்லாயிரம் குடும்பங்களின் கேள்விக்கு விடை கூறிவிட முடியாது. சட்டமும் திட்டமும் என்ன செய்தன என்று பார்க்கவேண்டும்.

அவ்வகையில் 1953-ஆம் ஆண்டு தனியே நின்று சிந்திக்கத்தக்கது. சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி அவ்வாண்டில் ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு புதிய முறையை வகுத்தார். பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகள் இரு பிரிவாக, முறை வைத்து வருவார்கள். மீதி நேரத்தில் பையன் தந்தையின் தொழிலைக் கற்கவேண்டும். பெண் தாய்க்கு வீட்டில் துணைசெய்ய வேண்டும். அரசுக்குப் புதிய கட்டடமும் புதிய ஆசிரியரும் இன்றி இருமடங்கு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்பது அவர் கண்ட கணக்கு. எதிர்ப்பாளர்கள் இதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டார்கள். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தினரும் மட்டுமின்றி, காங்கிரசுக் கட்சிக்குள்ளும் பலர் எதிர்த்தார்கள். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். ஏப்ரல் மாதம் முதலமைச்சரான காமராசர் அடுத்த மாதமே திட்டத்தைக் கைவிட்டார்.

இராஜாஜி நெசவாளரின் பகைவர் அல்லர். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்படவேண்டும் என்று அந்நாளில் நடுவண் அரசிடம் வற்புறுத்தியவர் அவரே. கைத்தொழிலை அவர் இழிவாக நினைக்கவில்லை. அதைப் பள்ளிக்கு இணையாக வைக்கவே விரும்பினார். அவர் நோக்கத்தைப் பழிக்க நாம் விரும்பவில்லை. ஆனால் தேவிகாபுரம் முதலிய நெசவுக் கிராமங்களில் ஒரு தறிவீட்டை எண்ணிப்பார்த்தால் திட்டத்தின் குறை உடனே தெரியும். தறி, பள்ளி மணியைக் கேட்டுப் பிள்ளையை அனுப்பிவிடும் ஆசிரியர் அன்று. தீபாவளிக்கும் முகூர்த்த மாதங்களுக்கும் சேலை முடியவேண்டும் என்றால் மூன்று மணி நேரம் இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், பின் வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கும். மேலும், தந்தையிடம் தொழில் கற்பது என்று அரசு எழுதியது. அந்தத் தந்தையே பிறருக்குக் கடன்பட்டுக் கூலிக்கு நெய்பவர் என்பதை எழுதவில்லை. பிள்ளை கற்பது தொழிலோடு கடனையும்தான். அரைநாள் பள்ளி என்பது கல்லூரிக்குச் செல்லும் சாலையை முதல் மைல்கல்லிலேயே மூடிவிடும் ஏற்பாடாக முடிந்திருக்கும் என்பதே நம் கருத்து.

இந்தப் பழைய வழக்கு முடிந்துபோனது என்று யாரும் எண்ணவேண்டாம். 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை எல்லாத் தொழில்களிலும் வேலைக்கு வைப்பது தடைசெய்யப்பட்டது. ஆனால் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் துணைசெய்யலாம் என்ற விலக்கும் சேர்க்கப்பட்டது. அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே பின்வாசல் ஓரளவு திறந்தது.

காமராசர் ஆட்சி தொடங்கிய பின் வந்த முப்பது ஆண்டுகளை நம் பகுதிக் கல்வியின் பொற்காலம் என்று கூறினால் மிகையாகாது. உயர்நிலைப் பள்ளிவரை கட்டணமில்லாக் கல்வி வந்தது. பள்ளியில் மதிய உணவு வந்தது. சலேசிய சபையார் 1951-இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1952-இல் வேலூர் மறைமாவட்டம் உருவாயிற்று. 1954-இல் சலேசிய அருட்சகோதரியர் வேலூரில் ஆக்சீலியம் மகளிர் கல்லூரியைத் திறந்தார்கள். திருவண்ணாமலையில் 1966-இலும் செய்யாற்றில் 1967-இலும் அரசுக் கலைக்கல்லூரிகள் வந்தன. ஆரணியிலிருந்து பேருந்தில் சென்று மாலையில் வீடு திரும்பும் தொலைவில் கல்லூரி கிடைத்தது இதுவே முதல்முறை. ஆசிரியர் ஊதியத்தை அரசு நல்கியதனால் உதவிபெறும் கல்லூரிகளிலும் கட்டணம் தாங்கும் அளவிலேயே இருந்தது. மாலையில் திரும்பிய மாணவன் இரவில் தார் சுற்றினான். பட்டம் பெற்றவுடன் ஆசிரியராகவோ எழுத்தராகவோ அரசுப் பணி கிடைக்க வாய்ப்பும் இருந்தது. இக்காலத்தில் பட்டம் விலைக்குத் தகுந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஏனெனில் விலையின் பெரும்பகுதியை அரசும் துறவற சபைகளும் ஏற்றுக்கொண்டன.

சலேசியர் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒன்று உண்டு. இச்சபையைத் தோற்றுவித்த தூய தொன்போஸ்கோ கல்லூரியிலிருந்து தொடங்கியவர் அல்லர். 1850-களின் தொடக்கத்தில் தூரின் நகரில் ஏழைச் சிறுவர்களைத் தச்சரிடமும் பிற தொழிலாளரிடமும் பயிற்சிக்கு அனுப்பும்போது அவர் எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொண்டார். சிறுவனைத் தொழில் கற்பதற்கன்றி வேறு ஏவல் வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது, ஞாயிறும் திருநாள்களும் ஓய்வு தரவேண்டும், அடித்துத் திருத்தலாகாது என்பன போன்ற விதிகளை அவற்றில் சேர்த்தார். தொழில் கற்பது தாழ்வன்று. கற்கும் பிள்ளை அடிமையாகக்கூடாது என்பதே அந்த ஒப்பந்தங்களின் உட்பொருள். ஆரணித் தறிகளில் முன்பணம் வாங்கிய எந்தப் பெற்றோரிடமும் அத்தகைய ஒப்பந்தத்தாள் இருந்ததில்லை.

1984-ஐ ஒட்டிக் காற்று திசைமாறியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் தொடங்க இசைவு வழங்கப்பட்டது. அதற்குப் பிந்திய இருபத்தைந்து ஆண்டுகளில் அவை சில நூறாகப் பெருகின. நன்கொடை என்ற பெயரில் பெரும்பணம் வாங்குவதைத் தடுக்க 1992-இல் தமிழகத்தில் சட்டம் வந்தது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்சநீதிமன்றம் இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்து ஒழுங்கு செய்தது, 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் அந்த ஏற்பாட்டைத் தானே நீக்கியது. கலைக்கல்லூரிகளிலும், நம் கத்தோலிக்கக் கல்லூரிகள் உட்பட, உதவிபெறும் பிரிவின் அருகிலேயே சுயநிதிப் பிரிவு எழுந்தது. ஒரே வளாகம், ஒரே சிற்றாலயம், ஒரே பட்டம்; கட்டணம் மட்டும் இரண்டு வகை.

இந்த மாற்றத்தின் பொருளை ஆரணியில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும். கல்விச் செலவு அரசின் தோளிலிருந்தும் சபைகளின் தோளிலிருந்தும் இறங்கி மீண்டும் குடும்பத்தின் மேல் வந்து அமர்ந்தது. குடும்பத்திடம் இருப்பது தறி ஒன்றுதான். ஆகவே தறியின் பேரில் கடன் பிறந்தது. முதலாளியிடம் முன்பணம், வட்டிக்கடையில் நகை, பின்னர் வங்கியில் கல்விக்கடன். இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி நான்கு இலட்சம் ரூபாய்வரை பிணையின்றிக் கல்விக்கடன் பெறலாம் என்றாயிற்று. இது நல்ல ஏற்பாடே. வட்டிக்கடையைவிட வங்கி மேல். எனினும் அதன் அமைப்பை எண்ணிப் பாருங்கள். முன்பு பிள்ளையைத் தறியில் உட்காரவைத்து முன்பணம் வாங்கினார்கள். கடன் தீரும்வரை பிள்ளை உழைத்தது. இப்போது பிள்ளையைக் கல்லூரியில் உட்காரவைத்துக் கடன் வாங்குகிறார்கள்; கடன் தீரும்வரை தந்தையும் பிள்ளையும் உழைக்கவேண்டும். இரண்டும் ஒன்று என்று சொல்ல நாம் துணியவில்லை. முதலாவது பிள்ளையின் கதவை மூடியது, இரண்டாவது திறக்கிறது. ஆனால் வேலை கிடைக்காவிட்டால் திறந்த கதவுக்கு அப்பாலும் அதே கடன்தான் நிற்கிறது.

வேலை கிடைக்கிறதா? நடுவண் அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2022-23-இல் நாட்டில் வேலையின்மை மொத்தத்தில் நூற்றுக்கு 3.2, பட்டதாரிகளிடையே அது 13.4. இந்த எண்ணைக் காட்டிப் பட்டம் பயனற்றது என்று வாதிடுவோர் பலர். நாம் அவ்வாறு படிக்கவில்லை. எழுத்தறியா ஏழை வேலையின்றி இருக்க இயலாது. கிடைத்த கூலிக்குப் போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாது. ஆகவே அவர் கணக்கில் வேலையில்லாதவராக வருவதில்லை. பட்டதாரி காத்திருக்கிறார் என்றால், அவர் காத்திருக்கும் நாள்களுக்கு யாரோ சோறு போடுகிறார்கள். அந்தச் சோற்றையும் பட்டத்தின் விலையில் சேர்க்கவேண்டும். வசதியுள்ள வீட்டில் அது உணரப்படுவதில்லை. நெசவாளர் வீட்டில் அது முதுகெலும்பை முறிக்கும்.

அப்படியானால் தறியிலேயே இருந்துவிடலாம் என்பாருக்கும் ஒரு கணக்கு உண்டு. 2019-20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவான வருவாய் உடையவை என்று தெரியவந்தது. குடும்பம் முழுவதும் உழைத்தும் அவ்வளவே. 1995-இல் 65 இலட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் தொகை 2009-10-இல் 43 இலட்சமாகவும், 2019-20-இல் 35 இலட்சமாகவும் சுருங்கியது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைக்குரியது. ஆனால் சேலையின் பெயருக்குக் கிடைத்த காப்பு நெய்தவரின் கூலிக்குக் கிடைத்துவிடவில்லை. இந்நிலையில், பட்டம் வேண்டாம் என்ற அறிவுரை நெசவாளர் பிள்ளைக்கு எட்டும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. பட்டதாரிகளின் வீட்டில் பிறந்தவர் பட்டத்தை விடுத்துத் தொழில் தொடங்கினால் அது துணிவு எனப்படும். தறிக்குழியில் பிறந்தவர் விட்டால் 1953-க்குத் திரும்புவதாகும்.

ஆதலால் விலை தகுமா என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. விலையை யார் கொடுப்பது என்பது மற்றப் பாதி. நாம் இதுவரை கண்ட வரலாற்றில், பிறர் பொறுப்பேற்ற காலங்களில் பட்டம் பலன் தந்தது. குடும்பத்தின் தலையில் முழுதும் சுமத்தப்பட்ட காலங்களில் பழைய முன்பணமாக மாறியது. தமிழக அரசு இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. அரசுக் கலைக்கல்லூரிகளில் இளநிலை வகுப்புகளுக்குப் பயிற்றுக்கட்டணம் 2007-08-இல் நீக்கப்பட்டது. 2009-இல் ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகம் தன் பொறியியற் கல்லூரி ஒன்றை அமைத்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை 2010-11-இல் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022-இலும், மாணவருக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024-இலும் தொடங்கப்பட்டன. இவற்றுள் 'புதுமைப் பெண்' திட்டத்தை நாம் உயர்வாக மதிக்கிறோம். தொகை சிறிது, ஆனால் அது கல்லூரிக்குச் செல்லாமல் பெண்ணின் கைக்கே வருகிறது. தார் சுற்றும் மகள் படிக்கப் போனால் வீட்டுக்கு ஏற்படும் இழப்பை முதன்முறையாக ஓர் அரசுத் திட்டம் ஒப்புக்கொண்டது என்றே அதைக் கொள்ளலாம்.

நம் திருச்சபையின் பங்கு என்ன? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளிகள் பொருளற்ற ஏழைகளின் தேவையை முன்வைத்துப் பேணவேண்டும் எனக் கேட்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990-இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைக் குறித்து எழுதியபோதும், ஏழைகளுக்கும் சிறுபான்மையினருக்கும் உயர்கல்வி எட்டவேண்டும் என்பதை வலியுறுத்தினார். சிறுபான்மையினர் என்ற முறையில் கல்விக்கூடம் நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு நமக்கு அளிக்கிறது. நீதிமன்றத்தில் அவ்வுரிமைக்காக நாம் வாதாடியிருக்கிறோம், வாதாடுவதும் முறையே. எந்த ஏழையின் பெயரால் வாதாடினோமோ அவர் நம் சுயநிதிப் பிரிவின் வாயிலில் நிற்கும்போது அவருக்கு என்ன கூறுகிறோம் என்பதைப் பொதுநிலையினராகிய நாமும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். கட்டணத்தைக் குறைக்க இயலாத நிலை கல்லூரிக்கு இருக்கலாம். அதை வெளிப்படையாகக் கணக்குக் காட்டிச் சொன்னால் பங்கு மக்கள் புரிந்துகொள்வார்கள்.

கைத்தொழிலா, கல்வியா என்று பிரித்துப் பேசுவோருக்குத் தூய பவுலின் வாழ்வைச் சுட்டலாம். அவர் கமாலியேலின் காலடியில் சட்டம் பயின்றவர். அக்காலத்தில் அதற்கு மேற்பட்ட கல்வி இல்லை. அவரே கொரிந்து நகரில் அக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அவருக்குத் தொழில் சிறையாகவில்லை. ஏனெனில் அவர் அதைக் கடனுக்காகச் செய்யவில்லை. பட்டம் பெற்ற பின்னும் தறியை நேசிக்கும் இளைஞருக்கு வழிகள் இருக்கின்றன. சேலத்தில் 1960-இல் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் நெசவைப் பாடமாகவே கற்பிக்கிறது. 2016-இல் நடுவண் ஜவுளித்துறை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு செய்த உடன்பாட்டின்படி, நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கும் கட்டணத்தில் முக்கால் பங்கை அரசு ஏற்க வழி செய்யப்பட்டது. இவற்றைப் பற்றிய செய்தி ஆலய அறிவிப்புப் பலகையில் இடம்பெற்றால் நன்று.

இறுதியாக, நம் பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பால் சபையினருக்கு ஒரு விண்ணப்பம். 1833-இல் பாரிசு நகரில் அச்சபையைத் தோற்றுவித்த பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும் பல்கலைக்கழக மாணவர்கள். அப்போது அவருக்கு வயது இருபதுதான். ஏழை வீடுகளுக்கு நேரில் சென்று பார்ப்பதே அவர்களுடைய முதற்பணி. அவ்வாறு தறிவீடுகளுக்குச் செல்லும் நம் உறுப்பினர்கள், கல்லூரியில் சேரவிருக்கும் பிள்ளைக்குக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவராமல், அந்தப் பிள்ளை எழுந்து சென்றால் தறியில் அந்த இடத்தில் யார் அமர்வார், அவருக்குக் கூலி எவ்வளவு, முதலாளியிடம் நிற்கும் முன்பணம் எவ்வளவு என்றும் கேட்டு வரவேண்டும். அரிசிக்கும் மருந்துக்கும் உதவி எழுதும் அதே ஏட்டில், மூன்றாண்டுக்கு ஆகும் அந்தத் தொகைக்கும் ஒரு பத்தி ஒதுக்கவேண்டும்.